முப்பத்தெட்டு வீதம்

1994 ஆவணியில் நான் வீட்டைவிட்டு வெளிக்கிட்ட அன்று அம்மா என்னுடைய ரோச்லைற்றைக் கையில் வாங்கி, பின்மூடியைத் திருகி, உள்ளே இருந்த இரண்டு பற்றறிகளையும் எடுத்துச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டா. “கொழும்பில எங்கையும் வாங்கலாம். இஞ்சதான் இல்லை” என்று சொல்லி வெறும் ரோச்சைத் திருப்பித் தந்தா. அன்றிரவு கிளாலிக் கரையில் வள்ளத்துக்குக் காத்து நின்றபோது எனக்குப் பின்னால் நின்ற வயதான ஒருவர், “தம்பி, ஒருக்கா அதை அடியும், காலுக்குக் கீழ என்ன கிடக்கெண்டு பாப்பம்” என்றார். “வெளிச்சம் காட்டக்கூடாதெண்டு சொல்லியிருக்கினம் ஐயா” என்று சமாளித்தேன். அது உண்மையும்தான்.

முப்பது வருசம் கழித்து ஒஸ்லோவில் ஒரு பஸ் தரிப்பில் என் கைத்தொலைபேசி நின்றுபோனபோது முதலில் ஞாபகத்துக்கு வந்தது அந்த இரண்டு பற்றறிகளும்தான். அந்தக் கதைக்கு வருமுன் எங்களுக்கும் பற்றறிக்கும் இருந்த உறவைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகள் யாராவது தவறுதலாக இந்தப் பக்கத்தைப் புரட்டினால் அவர்களுக்கும் விளங்கட்டும்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற்போனது. உள்ளே கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பெற்றோல், சீமெந்து, பசளை என்பவற்றோடு பற்றறியும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஆள்மாறி ஆள் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். எங்கள் வீட்டுச் சைக்கிளுக்கு டைனமோ இல்லை. ஆகவே எங்களுக்குப் பற்றறிதான்.

பற்றறி விசயத்தில் அம்மாதான் எங்கள் வீட்டு வைத்தியர். களைத்த பற்றறிகளைக் காலை வெயிலில் கிணற்றுக்கட்டில் வரிசையாக அடுக்கிவைப்பா. மழைக்காலமென்றால் அடுப்புக்குப் பக்கத்தில். அதற்கும் மசியாவிட்டால் ஆணியால் ஒரு துளை போட்டு, உப்புத் தண்ணீர் நாலு சொட்டு விட்டு, மெழுகுதிரி உருக்கி அடைப்பா. கடைசிக் கட்டம், ஆறு கிழட்டுப் பற்றறிகளைப் பழைய பேப்பரில் குழல் மாதிரிச் சுற்றி, சைக்கிள் ரியூப் கீலத்தால் இறுக்கிக் கட்டி, இரண்டு முனையிலும் வயர் வைத்து றேடியோவுக்குக் கொடுப்பது. இரவு ஒன்பதேகாலுக்குப் பி.பி.சி. தமிழோசை. செய்தி முடிந்து அறிவிப்பாளர் விடைபெறுமுன் அம்மா றேடியோவை மூடிவிடுவா. அவர் போட்டு வாறன் என்று சொல்லுகிறதைக் கேட்கவும் பற்றறி செலவழிக்கவேணுமோ என்பது அவவின் கேள்வி.

அந்தப் பற்றறிகள் சொல்லிவிட்டுத்தான் செத்தன. ரோச் வெளிச்சம் முதலில் மஞ்சளாகும், பிறகு செம்மஞ்சளாகும், பிறகு பல்புக்குள் ஒரு சிவப்புக் கம்பி மட்டும் தெரியும். கசெற் றெக்கோடரில் பாடுகிற பொம்பிளையின் குரல் மெல்ல மெல்லத் தடித்து ஆம்பிளைக் குரலாகி இழுபடும். நாளைக்கு, மிஞ்சினால் நாளையின்றைக்கு என்று அம்மா கணித்துச் சொல்லுவா. பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒன்றை எறிவதற்கு முன் அதில் இனி ஒன்றுமே இல்லை என்று கண்ணாலும் காதாலும் காணலாம். அதுவரைக்கும் எறிவது பாவம். எனக்கு வந்த படிப்பு இதுதான். இந்தப் படிப்போடுதான் நோர்வேக்கு வந்தேன். வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் சில வருசம், பிறகு ஒஸ்லோ, இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. மற்றதெல்லாம் உங்களுடைய கதை மாதிரித்தான்.

நாங்கள் ஆணியும் உப்புத் தண்ணீருமாக இருந்த அதே 1991 இல்தான் சோனி நிறுவனம் லிதியம் அயன் பற்றறியை உலகத்தில் முதன்முதலாக விற்பனைக்குவிட்டது. இதை நான் அறிந்தது கனகாலத்துக்குப் பிறகு. 2019 இல் அந்தப் பற்றறிக்கு வழிசமைத்த குடினஃப், விற்றிங்காம், யோஷினோ என்ற மூன்று பேருக்கு இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே வருசம் கோடையில்தான் இந்தக் கைத்தொலைபேசியை வாங்கினேன். அதற்கு முன் வைத்திருந்ததை அக்காவின் மகனுக்கு அனுப்பிவைத்தேன். பற்றறி இறங்கிப்போன போன்தான். பின்னேரம் மூன்று மணிக்குள் செத்துவிடும். அங்கே வீட்டிலிருக்கிற ஆட்களுக்கு அது காணும் என்று நினைத்தேன். நாங்கள் ஊருக்கு அனுப்புகிற சாமான்களைப்பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். எழுதினால் எல்லாரும் கோபிப்பார்கள்.

மருமகன் மூன்றாம் கிழமையே அறிவித்தான்: “மாமா, யாழ்ப்பாணம் பஸ்ராண்டுக்குக் கிட்ட ஒரு கடையில பற்றறி மாத்திப்போட்டன். அரை மணித்தியாலம் எடுக்கேல்லை. இப்ப ரெண்டு நாள் நிக்குது.” அதற்குப் பிறகு அது அம்மாவின் போன் ஆகிவிட்டது. அம்மா அதில் குரற்பதிவு அனுப்பப் பழகினா. எழுத்துத் தெரியாதவவல்ல, கண் தெரியாது. “தம்பி, சாப்பிட்டியோ. இஞ்ச மழை. சரி, வைக்கிறன்.” இவ்வளவுதான் பெரும்பாலானவை. பற்றறிச் செலவு பார்த்துத்தான் இப்படிச் சுருக்குகிறாவோ என்று நான் பகிடி பண்ணுவேன்.

என்னுடைய புதுப் போன் மூன்று வருசம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. 2022 மாரியில்தான் முதல் அறிகுறி. பிள்ளையின் பாடசாலை நிகழ்ச்சியில் படமெடுக்கக் கமெராவைத் திறந்தேன், 40 வீதம் இருந்த போன் அணைந்துபோனது. வீட்டுக்கு வந்து வயரைக் குத்தினேன். போன் உயிர்த்து, உடனேயே 35 வீதம் என்று காட்டியது. ஒரு நிமிசத்தில் 35 வீதம் எப்படி ஏறும் என்று நான் யோசிக்கவேயில்லை. பிழைத்துவிட்டது என்று சந்தோசப்பட்டேன்.

யோசித்திருந்தால் விளங்கியிருக்கும். ஏறவில்லை, அது முதலே உள்ளே இருந்தது. இருந்ததைத் தரத்தான் பற்றறியால் முடியவில்லை.

அடுத்த கோடையில் அது மற்ற மாதிரிக் காட்டத் தொடங்கியது. 30 இல் நிற்கும், கொஞ்சநேரம் பார்த்தால் 12. ஒரு பாட்டுக் கேட்கிற நேரத்துக்குள் உள்ளங்கை சுடும். மகள் அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பற்றறியின் உச்சக் கொள்ளளவு 74 வீதம் என்றும் பராமரிப்புத் தேவை என்றும் எழுதியிருந்தது. “80 க்குக் கீழ போனால் மாத்தவேணும் அப்பா” என்றாள். எனக்கு 74 ஒரு மோசமான புள்ளியாகத் தெரியவில்லை. எங்கள் காலத்து ஓ.எல். சோதனையில் 75 க்கு டி. 74 என்றால் ஒரு புள்ளியால் டி தவறின கெட்டிக்காரப் பிள்ளை. அந்தப் பிள்ளையைத் தூக்கி எறியச் சொல்கிறாளே என்றுதான் எனக்குப் பட்டது.

வேறொரு பயமும் இருந்தது, மகளுக்குச் சொல்லவில்லை. அம்மாவின் குரற்பதிவுகள் எல்லாம் அதற்குள்தான். கடைக்காரன் திறந்தால் அழிந்துபோய்விடுமோ என்று பயம். பற்றறி வேறு, ஞாபகம் வைத்திருக்கிற துண்டு வேறு, பற்றறியை மாற்றுவதால் ஒரு பதிவும் அழியாது என்பது இப்போது தெரியும். வேலை செய்யும்போது கை தவறலாம் என்பதற்காக முதலிலேயே ஒரு பிரதி எடுத்துவைப்பது நல்லது, அவ்வளவுதான். அன்றைக்கு இதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குக் காசு மிச்சம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். எண்ணூற்றுச் சொச்சக் குரோணர் மிச்சம்.

2024 தை மாதம் முதற்கிழமை ஒஸ்லோவில் கடுங்குளிர். மைனஸ் இருபதுக்கும் கீழே போனது. அம்மா அப்போது கோண்டாவிலில் அக்கா வீட்டில் படுக்கையாகி மூன்று கிழமை. வியாழன் இரவு நடுச்சாமம்வரை அக்காவோடு கதைத்துவிட்டுப் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தபடியே நித்திரையாகிவிட்டேன். விடிய ஐந்தரைக்குப் பார்த்தால் 38 வீதம். 38 காணும், வேலையில் போய்ப் போடலாம் என்று ஜக்கெற்றின் வெளிப்பையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருந்தால்கூட ஒருவேளை தாங்கியிருக்கும்.

ஆறு இருபதுக்கு அடித்தது. ஊரில் பதினொன்றுக்குப் பத்து நிமிசம். கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு எடுத்தேன். அக்கா, படத்தோடு. “அம்மா முழிச்சிருக்கிறா. உன்னைத்தான் கேக்கிறா. விடியத் துவங்கித் தெளிவாய்க் கதைக்கிறா, பொறு, கிட்டப் பிடிக்கிறன்.” திரையில் கூரை ஓடு, பிறகு அக்காவின் விரல், பிறகு அம்மாவின் நெற்றி. கண் என்னைத் தேடியது. வாய் திறந்தது. “தம்…” என்றது கேட்டது. அல்லது கேட்டதாக நான் பிறகு சேர்த்துக்கொண்டேன். திரை கறுத்துவிட்டது.

ஒரு மங்கலும் இல்லை, இழுபடவும் இல்லை. கடைசி நொடிவரை பளிச்சென்ற வெளிச்சம், அடுத்த நொடி ஒரு கண்ணாடித் துண்டு. அமத்தினேன். நிறுவனத்தின் அடையாளம் வந்து அணைந்தது. திரும்ப அமத்தினேன். இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து ஊதினேன். பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை. அவளிடம் போன் கேட்டிருக்கலாம். அக்காவின் இலக்கம் எனக்குப் பாடமில்லை. ஒரு காலத்தில் ஊரிலுள்ள எத்தனையோ இலக்கங்கள் எனக்குப் பாடம்.

வேலையில் போய் வயரைக் குத்தினேன். 31 வீதம் என்றது.

எடுத்தபோது அக்கா குரலைத் தாழ்த்தி, “இப்பதான் கண்ணயர்ந்தவா, எழுப்பேல்லை” என்றா. அம்மா அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தா. கண் திறந்து பார்ப்பாவாம், ஆளைத் தெரியுமாம். கதைக்கவில்லை. என்ன சொல்ல வந்தா என்று அக்காவிடம் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். “சாப்பிட்டியோ எண்டுதான் கேட்டிருப்பா, வேற என்ன” என்கிறா அக்கா. அப்படித்தான் இருக்கும்.

நான் ஊருக்குப் போய் வந்த பிறகு, மாசியில்தான் கடைக்குப் போனேன். குறூருட் பக்கம் ஒரு சின்னக் கடை. திருத்துகிற பொடியன் சிரியாக்காரன், அலெப்போ. நான் நடந்ததைச் சொல்லவில்லை. 38 இல் நின்றது, குத்தினவுடன் 31 காட்டியது, உங்களுடைய இலக்கங்களெல்லாம் பொய்யா என்று மட்டும் கேட்டேன். குரலில் கோபம் இருந்திருக்கவேண்டும். அவன் திருகாணிகளை ஒரு காந்தத் தட்டில் வரிசையாக வைத்துக்கொண்டே விளக்கினான். திரையில் தெரிகிற வீதம் அளந்து சொன்னதல்ல, கணித்துச் சொன்னது. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று ஒரு சின்னத் துண்டு கணக்குவைக்கிறது. பற்றறி கிழடாகக் கிழடாக அதன் உட்தடை கூடிக்கொண்டு போகும். குளிரில் இன்னும் கூடும். கமெரா, திரை, அலைவரிசை மூன்றும் ஒரேநேரத்தில் மின்னை இழுக்கும்போது அழுத்தம் சட்டென்று விழும். ஒரு மட்டத்துக்குக் கீழே விழுந்தால் போன் தன்னைக் காப்பாற்றத் தானே அணைந்துவிடும். அவன் நொஸ்கில் சொன்னதை நான் மனதுக்குள் எங்கள் தோட்டத்துக் கிணறாக மாற்றிக்கொண்டேன். கிணற்றில் தண்ணீர் நிற்கும், ஆனால் ஊற்று அடைபட்டிருக்கும். பட்டையால் அள்ளினால் குறை தெரியாது. மெசின் போட்டு இறைத்தால் அது ஊறுகிறதைவிட வேகமாய் இழுத்து, அஞ்சு நிமிசத்தில் காற்றை உறிஞ்சி நின்றுவிடும். ஒரு மணித்தியாலம் விட்டுவிட்டு எட்டிப்பார்த்தால் பழையபடி தண்ணீர்.

அந்தக் கடையில் நின்று பொழுதுபோகக் கேட்டதில் நான் பெரிய சொத்தாக நினைத்திருந்த படிப்பு முழுக்கத் தலைகீழாகிவிட்டது. எங்கள் பற்றறிக்கு வெயில் மருந்து, இதற்கு நஞ்சு. வெயிலில், கார்க் கண்ணாடிக்குப் பின்னால், றேடியேற்றர் மேல் கிடந்தால் வருகிற சேதம் திரும்ப மாறாது. குளிரில் அணைவது தற்காலிகம், சூடானதும் வந்துவிடும், ஆனால் உறைகுளிரில் வைத்துச் சார்ஜ் ஏற்றினால் அதுவும் சேதம். எங்கள் பற்றறியை ஒட்ட ஒட்டப் பாவித்து முடிப்பது சிக்கனம். இதையோ அடிவரை இறக்காமலும் நாள்முழுக்க 100 இல் வைத்திராமலும் நடுவில் வைத்திருப்பதுதான் சிக்கனம். ஆணிக் கதையைச் சொன்னபோது அவன் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். “இதில் துளை போட்டால் தீதான்” என்றான். பிறகு, “அலெப்போவில் நாங்கள் கார்ப் பற்றறியில் லைற் எரித்தோம்” என்றான். அதைப்பற்றி அவனும் மேலே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எப்போது மாற்றியிருக்கவேண்டும் என்று கேட்டேன். அவன் தோளைக் குலுக்கினான். பழைய போன்கள் பலவற்றுக்கு 500 முழுச் சுற்றுக்குப் பிறகு 80 வீதக் கொள்ளளவு மிஞ்சும் என்பதே செய்கிறவர்களின் கணக்காம். இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி ஏற்றினால் அது ஒரு சுற்று. என்னுடையது நாலரை வருசம், ஒவ்வொரு இரவும் ஏற்றியது. ஆனால் அவன் 80 ஐப் பெரிதாக எடுக்கவில்லை. 80 இலும் நன்றாக நிற்கிற பற்றறி உண்டாம், 85 இல் சறுக்குகிறதும் உண்டாம். “முதல் தடவை, இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அணைந்தது பாருங்கள், அன்றைக்கு வந்திருக்கவேண்டும்.” பாடசாலை நிகழ்ச்சி. ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது.

போனையே எறிந்து புதிது வாங்குபவர்களும் கனபேர். 2017 மார்கழியில் அப்பிள் நிறுவனம், கிழட்டுப் பற்றறியுள்ள போன்கள் திடீரென்று அணையாமலிருக்க அவற்றின் வேகத்தைத் தானே குறைத்திருந்ததை ஒப்புக்கொண்டது. அடுத்த வருசம் முழுக்க 79 டொலர் பற்றறி மாற்றத்தை 29 டொலருக்குச் செய்துகொடுத்தது. பாவிக்கிறவர்களுக்கு அதை அறிவிக்காததற்காக 2020 மாசியில் பிரான்சில் 25 மில்லியன் யூரோ தண்டமும் கட்டியது. பற்றறியை மாற்றவேண்டிய இடத்தில் போனை மாற்றியவர்கள் எத்தனை பேரோ. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஆனி 20 இலிருந்து விற்பனைக்கு வருகிற போன்களின் பற்றறி 800 சுற்றுக்குப் பிறகும் 80 வீதம் தாங்கவேண்டும் என்று விதி வந்திருக்கிறது. 2023 இல் செய்த இன்னொரு சட்டப்படி 2027 மாசியிலிருந்து, சில விதிவிலக்குகளோடு, பற்றறியைப் பாவிக்கிறவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கவேண்டுமாம். ரோச்சின் பின்மூடியைத் திருகுகிற மாதிரி இருக்கப்போவதில்லை, என்றாலும் நல்லதுதான்.

நாற்பது நிமிசத்தில் வேலை முடிந்தது. கழற்றிய பற்றறியைக் காட்டினான். கறுப்பாய், மெல்லிசாய், நடுவில் லேசாக வயிறூதியிருந்தது. உள்ளே வாயு, இன்னும் கொஞ்சக்காலம் விட்டிருந்தால் திரையைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கும், அப்படி ஊதத் தொடங்கினால் வீதம் ஒன்றும் பார்க்கத் தேவையில்லை, உடனே நிற்பாட்டிக் கொண்டுவந்துவிடவேண்டும் என்றான். நான் அதைக் கொண்டுபோகலாமோ என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. கூடாது என்று தலையாட்டிவிட்டு மூலையிலிருந்த இரும்புப் பெட்டிக்குள் போட்டான். போனைத் திறந்து பார்த்தேன். அம்மாவின் பதிவுகள் எல்லாம் இருந்தன. கடையை விட்டு வெளியே வந்து ஒன்றைப் போட்டுக் கேட்டேன். இஞ்ச மழை, சரி, வைக்கிறன்.

அன்றிரவு மருமகன் எடுத்தான். அந்தியேட்டிச் செலவுக் கணக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “மாமா, அம்மம்மான்ர போனை என்ன செய்ய? ஆரும் பாவிக்கேல்லை. அம்மா அதை அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறா” என்றான்.

“வெயில் படாத தட்டில வை. முழுக்க ஏத்தி வைக்காதை, செத்துப்போகவும் விடாதை. அரைவாசியில இருக்கட்டும். ரெண்டு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பார்.”

கொஞ்சநேரம் சத்தமில்லை. எழும்பிப் போய்ப் பார்த்திருக்கிறான்.

“52 இல நிக்குது மாமா” என்றான்.